களத்து வானத்தில் ஏறி இறங்கிய சூடு

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். என் பேராசிரியரே நம்பவில்லை, உங்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். காற்றிலிருக்கும் நீராவியை அளப்பதுதான் என் ஆராய்ச்சி. வானத்திலிருந்து வரும் வெப்பக் கதிரை ஒரு கருவி பிடிக்கும்; நீராவி கூடினால் எண் ஏறும், குறைந்தால் இறங்கும், அவ்வளவுதான். செயற்கைக்கோள் தலைக்கு மேல் போகும்போது அது எடுக்கும் அளவோடு என் அளவு ஒத்துப்போக வேண்டும். ஒரு துண்டு மேகம் வந்தாலும் எல்லாம் வீண். அளவெடுக்கப் போன திருக்காட்டுப்பள்ளியில் சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் வந்து உட்கார்ந்து என் உயிரை வாங்கியது. ஒரே ஒரு நல்ல பதிவு கிடைத்தால் பட்டம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒரு நாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வயலெல்லாம் தண்ணீர் நின்றதால் நெல்லடிக்கும் களத்தில் கருவியை வைத்தேன். அந்த நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் ராஜலட்சுமி அக்கா ஓடி வந்தார்.

"உச்சி நேரத்துல இந்தக் களத்துல நாங்க யாரும் நிக்க மாட்டோம் தம்பி. வெயில் சாஞ்சதும் வச்சுக்குங்களேன்."

செயற்கைக்கோள் எனக்காகக் காத்திருக்குமா? "நான் பாத்துக்கிறேன்க்கா, நீங்க போங்க" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் போன கொஞ்ச நேரத்தில், மேகமில்லாத வானத்துக்கு ஜில்லென்று காட்ட வேண்டிய எண் ஏறி மனித உடம்புச் சூட்டில் நின்றது. அப்புறம் கொஞ்சம் இறங்கியது, ஏறியது, இறங்கியது. மேலே பார்த்தால் ஒரு காக்கைகூட இல்லை. லென்ஸைத் துடைத்தேன், ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன், அதேதான். ஆத்திரம் தாங்காமல் "யார்றா அது?" என்று வெறும் வானத்தைப் பார்த்துக் கத்தினேன். சற்று நேரத்தில் எண் சட்டென்று இறங்கியது. செயற்கைக்கோள் வந்தது, அளவு கச்சிதமாகப் பொருந்தியது.

"முன்னாடி இருக்கிறது கருவிக் கோளாறு. அதை அழிச்சிட்டு எழுதுங்க" என்றார் பதிவைப் பார்த்த பேராசிரியர்.

கோளாறு என்றால் என் நல்ல பதிவும் கோளாறுதானே? கருவியைச் சோதித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. சலித்துப்போய் அதன்மேல் குனிந்து பெருமூச்சு விட்டேன். எண் ஏறியது. மூச்சை இழுத்தேன், இறங்கியது. திரையில் விழுந்தது களத்தில் பதிவான அதே ஏற்ற இறக்கக் கோடு.

அதை அழிக்கவும் முடியாமல், வைத்துக்கொண்டு எழுதவும் முடியாமல் இன்னும் திண்டாடுகிறேன். திரையைத் திறந்தால் கண் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. நான் கத்திய அந்த நொடியில், ஏறாமல் இறங்காமல், கோடு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறது.