காதல் எந்த வழியாக நுழைகிறது?

மாலை வகுப்பு வாத்தியாருக்குக் கிடைப்பவர்கள் பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள். அவர்கள் முன்னால் தத்துவம் பேசித் தவித்தவர்களுக்கு என் பாடு புரியும். எழுபதுகளில் ரொறன்ரோவில் நான் எடுத்த பாடம், இடைக்கால இத்தாலியக் காதல் கவிதைகளில் தத்துவத்தின் செல்வாக்கு. வகுப்பில் இருந்த இத்தாலியருக்கு யாழ்ப்பாணத்தான் அதைச் சொல்லிக்கொடுப்பதா என்று எனக்கே கூச்சம்தான்.

கண்ணும் படமும்

முதல் நாள் கரும்பலகையில் ஒரு தலையும் பெரிய கண்ணும் வரைந்தேன். அந்தக் கவிஞர்கள் கிரேக்கத் தத்துவத்தை அரபு உரைகளின் வழியாக அறிந்தவர்கள். காதலியின் உருவம் கண் வழியே நுழைந்து, நினைவில் தங்கி, புத்திக்கு ஏறுகிறது. அதன்பின் ஆளே தேவையில்லை என்றேன்.

தையல் ஆலையில் வேலை செய்யும் ரோசா கையைத் தூக்கினாள். படத்தை மட்டும் பார்த்து, கனடாவில் இருந்த மாப்பிள்ளைக்குப் பதிலாக அவன் தம்பி பக்கத்தில் நிற்க, ஊர்த் தேவாலயத்தில் கல்யாணம் முடித்துக் கப்பலேறியவள் அவள்.

"புரொபசர், அவர் அனுப்பியது பழைய படம். துறைமுகத்தில் படத்தில் இருந்த ஆளின் அப்பா மாதிரி ஒருத்தர் அல்லவா நின்றார்!"

துணியும் நிறமும்

காதல் தனிப்பொருள் அல்ல, துணியில் நிறம் போல மனத்தில் இருக்கும் ஒரு பண்பு என்பது அந்தக் கவிஞர்களின் அடுத்த வாதம். இதை விளக்கும்போதே எனக்குள் ஒரு கலக்கம். பல வருடங்களாக ஊரில் இருந்த என் மனைவி மங்களத்துக்கு அந்த வாரம்தான் விசா கிடைத்திருந்தது. இத்தனை காலம் நான் நேசித்தது அவளையா, மேசையில் இருக்கும் அவள் படத்தையா?

கொத்து வேலை செய்யும் வின்சென்சோ விடவில்லை.

"நிறம் வெளுத்தால் மறுபடி சாயம் போடலாமா புரொபசர், இல்லை துணியையே மாற்ற வேண்டுமா?"

விமான நிலையத்தில்

மங்களத்துக்கு வாங்கிய குளிர்கோட்டைப் பிடித்தபடி, படத்தில் இருந்த முகத்தைத் தேடிக்கொண்டு நின்றேன். சேலை கட்டியவர்கள் பலர் வந்தார்கள். மூக்குக் கண்ணாடியோடு மெலிந்த ஒருத்தி தள்ளுவண்டியை உருட்டி வர, ஒதுங்கி வழிவிட்டேன். "தாங்க் யூ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதற்றத்தில் வழக்கம்போலச் செருமினேன். வண்டி நின்றது. அவள் திரும்பி என் வழுக்கையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உந்தச் செருமல் இல்லாட்டி நான் நேரா வெளியில போயிருப்பன். படத்தில தலைமயிரோட நிண்ட மனுசன் எங்கையப்பா?"

அடுத்த வகுப்பில் கரும்பலகைத் தலைக்கு ஒரு காதும் வரைந்தேன். நான் படித்த எந்த உரையிலும் அதற்கு இடமில்லாததால், அது கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.