பாடு மாற்றி வந்தவர்கள்

இந்த ஊர் மீன் கடையில் மீனுக்குத் தலை இருக்காது. கண்ணைப் பார்க்காமல், செவுளைத் தூக்காமல், வெள்ளைத் துண்டை அப்படியே வாங்கிக்கொண்டு வர வேண்டும். பின்லாந்துக்கு வந்து ஐந்து வருடமாகியும் எனக்கு இது கடுப்பாகத்தான் இருக்கிறது. தலை எங்கே என்று கேட்டால், "உங்கள் பூனைக்கா?" என்கிறார் கடைக்காரர்.

ஆனாலும் எனக்குச் சோறு போடுவது மீன்தான். ஒரு மருத்துவமனையின் கணினி வலையமைப்பில் அத்துமீறி நுழைபவர்களைத் தடுக்கும் மென்பொருள் செய்கிறோம். யாரைத் தடுப்பது, யாரை விடுவது என்ற விதிகளை, மீன் கூட்டத்தைப் பார்த்து எழுதிய அல்காரிதம் தேடித் தருகிறது. ஒவ்வொரு விதித் தொகுப்பும் ஒரு மீன். எந்த மீனுக்கு இரை அதிகமோ, அதன் எடை கூடும்; கூட்டம் அந்தப் பக்கம் திரும்பும். பிடிபடும் நுழைவுகள் மட்டுமே இரை என்று நான் வைத்திருந்தேன். ஏரிக்கரையில் வளர்ந்தவன் என்ற திமிர் வேறு.

சோதனை ஓட்டத்தின் மூன்றாம் நாள் மாலை, அந்த மருத்துவமனையிலிருந்து வீடு வீடாகப் போகும் அன்னா என்ற நர்ஸ் போன் செய்தார். ஒரு சர்க்கரை நோயாளியின் வீட்டில் நின்றுகொண்டு, இன்சுலின் அளவைப் பார்க்க முடியாமல் திரை பூட்டிக்கொண்டது என்றார். காலை ஷிப்டில் வர வேண்டியவர், தோழிக்காக மாலைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். என் மீன்கள் அவரைத் திருடராக்கிவிட்டன. "பெரியவர் சாப்பிடாமல் காத்திருக்கிறார். நான் என்ன செய்யட்டும்?" என்றார். நானே பூட்டை நீக்கினேன்.

இதே தவறை நான் முன்பும் செய்திருக்கிறேன். பழவேற்காடு ஏரியில் எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்று எங்களுக்குள் முறை உண்டு. அதைப் பாடு என்போம். கல்லூரி முடித்த வருடம், முத்து மாமாவின் பாடு நாளில் ஏழுமலை அண்ணன் வலை கட்டியிருப்பதைப் பார்த்து, திருட்டு வலை என்று அறுத்துவிட்டேன். இறால் மொத்தமும் போனது.

"இன்னாடா, ஒரு வார்த்த கேக்காம அறுத்துட்ட? மாமா பொண்ணுக்கு ஜுரம்னு பாடு மாத்திக்கினோம். ஊருக்கே தெரியும்!" என்றார் அண்ணன். படித்தவனுக்கு மட்டும் தெரியவில்லை. வெட்கத்தில் ஒரு வாரம் கரைப் பக்கமே போகவில்லை.

அன்னா போன் செய்த மறுநாள், ஷிப்ட் மாற்றப் பட்டியலையும் அல்காரிதத்துக்குக் கொடுத்தேன். வேலைக்கு வந்தவரைத் தடுத்தால் மீனின் எடை குறையும்படி மாற்றினேன். காரணமாகப் பாடு கதையைச் சொன்னபோது, மேலாளர் யூஹா மரியாதையோடு கேட்டார்: "உங்கள் ஏரியில் மீன்களும் ஷிப்ட் மாற்றிக்கொள்ளுமா?" விளக்கப் பார்த்து, விட்டுவிட்டேன். அன்று மாலை அன்னா தடையில்லாமல் நுழைந்தார். அப்போதுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

ஊரில் பாடுப் பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறது. என் முறைக்குத் தம்பி போகிறான். "உன் பாடு நேத்து வந்துச்சுணா, நான் பாத்துக்கினேன்" என்று போன வாரம் சொன்னான். இங்கே அலுவலக அட்டையைக் காட்டினால் கதவு திறக்கிறது. அங்கே என் பாடு நாளில் நானே படகில் போனால், "யாருபா அது?" என்று கேட்பார்கள். தம்பி வந்துதான் நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கும்.