நாடகத்து மருமகள் திரும்பிப் போன கதை

நேற்றுச் சாயங்காலம் டிவியில் ஏதோ ஒரு நாடகம். கதாநாயகி கோபமாகப் பெட்டியோடு வாசல்படி இறங்குகிறாள். என் கண் அவள் மேல் இல்லை, அவளுக்குப் பின்னால் இருந்த தூண் மேல். "ஏய், இது நம்ம கொத்தமங்கலத்து வீடுல்ல!" என்று கத்தினேன். ஏனென்று கேட்க ஆளில்லை. சோபாவின் அந்தக் கோடியில் என் மகள், கையில் செல்போன், காதில் இரண்டு வெள்ளைக் குமிழ். உள்ளறையில் என் வீட்டுக்காரர், அவரும் அதே கோலம். நான் சுவரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து நாளாகிறது. "சும்மாதாம்மா வந்தேன்" என்றாள். சும்மா வருகிறவள் ஸ்வெட்டரையும் சேர்த்தா எடுத்துக்கொண்டு வருவாள்? காரைக்குடி வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு? மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்ததாகவும் தெரியவில்லை. பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ரிமோட்டை எடுக்கிறேன், சேனலை மாற்றுகிறேன், வைக்கிறேன், அடுப்படிக்குப் போகிறேன், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பி வருகிறேன்.

வந்து மறுபடி டிவி முன்னால்தான். அந்தக் கொத்தமங்கலத்து வீடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் சினிமாவில் படும் பாடு இருக்கிறதே! ஒரு படத்தில் கொலைகாரன் வீடு, அடுத்த படத்தில் நாட்டாமை வீடு. கதாநாயகன் கொத்தமங்கலத்தில் மாடிப்படி ஏறுகிறான், ஊர் தாண்டி வலையபட்டி வீட்டு மாடியில் போய் நிற்கிறான். மூச்சுகூட வாங்குவதில்லை. உள்ளே ஒரு மீசைக்காரர் கட்டாயம் உண்டு. கதவுக்குப் பின்னால் யாராவது நின்று ஒட்டுக் கேட்பார்கள். அந்தத் தேக்குக் கதவுக்குப் பின்னால் நின்றால் இடி இடித்தாலும் கேட்காது, இவர்களுக்கு மட்டும் குசுகுசுப்பெல்லாம் கேட்கும். நாடகத்தைச் சொல்லவே வேண்டாம். பட்டுச்சேலையோடு படுத்துப் பட்டுச்சேலையோடு எழுந்திருக்கிறார்கள். ஒருத்தி "என்ன?" என்று கேட்டுவிட்டால் வீட்டிலிருக்கிற அத்தனை மூஞ்சியையும் காட்டி முடித்துத்தான் பதில் வரும். இவ்வளவு பேசுகிறாயே, ஒரு நாளாவது பார்க்காமல் விட்டாயா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கல்லலில் நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் ஒரே ஒரு டிவி. முதுகு புடைத்த பழைய பெட்டி. போட்டுக் கொஞ்ச நேரத்தில் சூடேறி ஒரு தூசி வாசம் வரும். கூடவே அடுப்படியிலிருந்து தாளிக்கிற வாசமும் வரும், ஏனென்றால் விளம்பரம் போடும்போதுதான் குழம்பு தாளிப்போம். கடுகு வெடிப்பதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டால் அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவோம். எங்கள் வீட்டுக் குழம்பில் கருகிய கடுகு மிதந்தால் அன்றைக்குக் கதை நன்றாகப் போனது என்று அர்த்தம்.

மாமனார் மட்டும் பார்க்க மாட்டார். டிவிக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொள்வார். "வேலையத்ததுக பாக்குற நாடகம்" என்பார். ஆனால் கரண்ட் போனால் முதல் ஆளாக "அடச்சே!" என்பவர் அவர்தான்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் வள்ளி புருசன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்தாள். அவளும் "சும்மாதான் வந்தேன்" என்றாள். எங்கள் வீட்டில் எதையும் நேருக்கு நேர் கேட்கும் வழக்கமே கிடையாது. மாமியார் கேட்க மாட்டார், மாமனார் கேட்கவே மாட்டார். நல்ல வேளையாக, அந்த நேரம் பார்த்து நாடகத்திலும் ஒரு மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள். வீடே அவளைப் பற்றிப் பேசத் தொடங்கியது.

"ஆயிரம் இருந்தாலும் பொம்பளைக்குப் புருசன் வீடுதான்" என்பார் மாமியார், டிவியைப் பார்த்தபடி.

"இதுவரைக்கும் இருந்து என்னத்தக் கண்டா?" என்பாள் வள்ளி, அவளும் டிவியைப் பார்த்தபடி.

நான் நடுவில். புதிதாக வந்த மருமகள், யார் பக்கம் பேசினாலும் வம்பு. "அவ போட்டுருக்க அட்டிகை நல்லாருக்குல்ல?" என்பேன். அவ்வளவுதான் என் வீரம்.

அந்த நாடகத்துக்குக் கொத்தமங்கலத்தில் படம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் வள்ளியும் பஸ் ஏறிப் போனோம். மருமகளாக நடித்தவர் ஒரு குடையின் கீழ் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வள்ளி கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், "ஏக்கா, நீங்க திரும்பிப் போவீகளா?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "எனக்கே தெரியாதும்மா. அன்னன்னைக்குத்தான் எழுதிக் குடுப்பாங்க" என்றார். திரும்பும் வழியெல்லாம் வள்ளிக்கு அதே பேச்சு. "அவளுக்கே தெரியலையாம் மதினி" என்றாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே.

அதற்குப் பிறகு ஒரு நாள் பேச்சு முற்றிவிட்டது. "அடிச்சவன் வீட்டுக்கு அவ எதுக்கு ஆத்தா போகணும்?" என்று வள்ளி வெடித்தாள்.

மாமியார் திரும்பிப் பார்த்தார். "அவன் எங்கடி அடிச்சான்? சந்தேகந்தானே பட்டான்?"

நாடகத்துப் புருசன் அதுவரை கை நீட்டியதே இல்லை. ஒரு நாள் விடாமல் பார்த்த எங்களுக்குத் தெரியாதா? வள்ளிக்கு முகம் வெளிறிப் போனது. விளம்பரம் வந்தும் யாரும் தாளிக்க எழுந்திருக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தட்டிலேயே கையைக் கழுவினார். மாமனார் திரும்பவில்லை, அவருடைய நாற்காலி மட்டும் ஒரு தடவை கிரீச்சிட்டது. பாவி, எத்தனை நாளாக இதை வைத்துக்கொண்டிருந்தாளோ.

சில நாள் கழித்து நாடகத்து மருமகள் திரும்பிப் போனாள். புருசனுக்கு விபத்து என்று தலையில் ஒரு கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள், இவள் ஓடிப்போய் அவன் காலில் விழுந்தாள். இதுதான் எனக்குப் பிடிக்காது. எழுதுகிறவனுக்கு வழி தெரியாவிட்டால் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவான். மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டு "அப்பாடா" என்றார். வள்ளி முந்தானை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூட்டிப்போக அவள் புருசன் வீட்டார் மறுநாள் காலையில் வருவதாக இருந்தது.

"தப்பு" என்று ஒரு குரல். மாமனார்தான், வாசலைப் பார்த்தபடியே. "அவ போயிருக்கக் கூடாது. அப்பன் வீட்ல என்ன, சோறா இல்ல?"

நாடகமே பார்க்காத மனிதருக்கு அவள் போனது எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. வள்ளி வாய்விட்டு அழுதாள். மாமியார் எழுந்து டிவியை அணைத்தார். மறுநாள் வந்தவர்களிடம் மாமனார், "வந்தீக, சந்தோசம். காப்பியக் குடிங்க. புள்ள வராது" என்றார். முடிந்தது பஞ்சாயத்து. வள்ளி இன்றைக்குச் சிவகங்கையில் நர்சாக இருக்கிறாள். நாடகம் பார்க்கவெல்லாம் நேரமில்லை மதினி என்கிறாள்.

அந்தப் பெட்டி டிவி போய்விட்டது, மாமனாரும் மாமியாரும் போய்விட்டார்கள். இப்போது காரைக்குடியில் எங்கள் டிவி சுவரில் பலகை மாதிரி தொங்குகிறது, என்னைத் தவிர அதைச் சீண்டுவாரில்லை. மகள் தன் போனில் என்ன கதை பார்க்கிறாள், அதில் யார் அழுகிறாள், யார் பெட்டியைத் தூக்குகிறாள், எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால்தானே நான் ஒரு வார்த்தை சொல்ல முடியும்?

நேற்று பொறுக்க மாட்டாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்ன பாக்குற?" என்றேன். ஒரு காதிலிருந்து மட்டும் குமிழைக் கழற்றினாள். "ஒண்ணுமில்லம்மா."

"அவ போக வேணாம்" என்றேன்.

"எவ?"

"அதுல வார பொண்ணுதான். புடிக்கலைன்னா போக வேணாம். அப்பன் வீட்ல என்ன, சோறா இல்ல?"

என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, இது கேக் செய்யிற வீடியோம்மா."

மானம் போயிற்று. அடுப்பில் ரசம் இருக்கிறது என்று எதையோ சொல்லிக்கொண்டு எழுந்தேன். அடுப்படி வாசலைத் தாண்டவில்லை, பின்னால் "அம்மா" என்றாள். திரும்பினேன். இரண்டு குமிழையும் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"அப்பாவும் அப்படித்தான் சொல்வாரா?"

உள்ளறை கூப்பிடு தூரம்கூட இல்லை. கல்லல் வீடாக இருந்தால், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு இந்நேரம் கேட்டிருக்கும். உள்ளே போய் அவர் தோளைத் தொட்டேன்.

"ஏங்க, அதக் கழட்டுங்க. புள்ள ஒண்ணு கேக்குது."