நந்தினி சொன்ன நாலாவது பேர்

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே யார் சொல்லி வந்தோம் என்று வெற்றிச்செல்வி சொல்லிவிடுவாள். பதினாறு வருடக் கணக்கெடுப்பு வேலை கற்றுக்கொடுத்த பழக்கம் அது. குன்னம் பக்கத்துச் சனம் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. "இன்னார் வூட்டுலேர்ந்து வரேன்" என்றால்தான் நாற்காலி வரும், மோர் வரும்.

இந்த முறை அது கூடாது என்று பயிற்சியில் மூன்று தடவை சொல்லியிருந்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு ஒருத்தி போவதும் போகாததும் அவளைச் சுற்றியுள்ளவர்களால் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் ஆய்வு. உடம்புக்கு ஒன்று என்றால் யாரிடம் பேசுவீர்கள், அவர்களில் யார் சோதித்துக்கொண்டார்கள், யாருக்கு யாரைத் தெரியும் என்று கேட்டு, டேப்லெட்டில் வட்டமும் கோடுமாகப் போட வேண்டும். ஒருத்தி சொன்ன பேர் இன்னொரு காதுக்குப் போகக் கூடாது.

காலையில் போன வீட்டில் நந்தினி நாலு பேரைச் சொன்னாள். அம்மா, தங்கை, நர்ஸம்மா. நாலாவதைச் சொல்லுமுன் மாமியார் உண்ணாமலை கொல்லையில்தான் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தாள்.

"வடக்குத் தெரு காத்தாயி அக்கா. கெணத்துத் தண்ணி வழக்குல ரெண்டு வூட்டுக்கும் ஆறு வருசமா நல்லது கெட்டது கெடையாதுங்க. பேசுறேன்னு தெரிஞ்சா எங்க வூட்டுக்காரரு என்னை அம்மா வூட்டுக்கு அனுப்பிடுவாரு. புள்ளைங்களை வுடமாட்டாரு."

நாலு மணிக்குப் பட்டியலில் அடுத்த வீடு காத்தாயியுடையது. பால் எடுக்க வந்த சாமிதுரை வாசலில் அளந்துகொண்டிருந்தார்.

"யாரு சொல்லி வரீங்க?" என்றாள் காத்தாயி.

"நந்தினி உங்க பேரைச் சொன்னாங்க."

சொன்ன பிறகுதான் வெற்றிச்செல்விக்கு உறைத்தது. காத்தாயியின் முகம் சுண்டிப்போயிற்று. சாமிதுரை நிமிர்ந்தார்.

"எந்த நந்தினி, மணிமாறன் பொண்டாட்டியா? இது எப்பலேர்ந்து? அடுத்து அங்கதான் போறேன், உண்ணாமலை அக்காவைக் கேட்டாத் தெரிஞ்சிட்டுப் போவுது."

கேனைக் கட்டிக்கொண்டு பைக் கிளம்பியது. வெற்றிச்செல்வி மக்காச்சோளக் கொல்லை ஓரமாகக் குறுக்கே ஓடினாள். காலையில் நந்தினியிடம் தலை பின்னிக்கொள்ளக் காத்து நின்ற இரண்டு சிறுமிகளும் கண்ணுக்குள்ளேயே நின்றார்கள். என் வாயால் அவர்களுக்குத் தாய் இல்லாமல் போகப் போகிறாள் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினாள்.

பைக் முந்திவிட்டது. உண்ணாமலை வாசலில் நின்றாள். நந்தினி உள்ளே கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா. எங்க மருமவ யாரு பேரைச் சொன்னா?"

"நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்ங்க. அது வேற ஊரு நந்தினி."

"அப்ப அந்தப் பொட்டியத் தொறந்து காட்டுங்க" என்று உண்ணாமலை டேப்லெட்டைச் சுட்டினாள்.

"காட்டக் கூடாதுங்க."

"தெருவெல்லாம் சொல்லலாம், எனக்குக் காட்டக் கூடாதாக்கும்."

சாமிதுரை நேரமாகிறது என்று நழுவினார். உண்ணாமலை மகனுக்குப் போன் போட்டுவிட்டு, "நீங்க கெளம்புங்க" என்றாள்.

"அவரு வரட்டும்ங்க. தப்பு என்னுது" என்றாள் வெற்றிச்செல்வி. கடைசி பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை என்று சுவரோரம் நின்றாள்.

மணிமாறன் வெங்காயக் காட்டிலிருந்து மண் காலோடு வந்து இறங்கினான். வெற்றிச்செல்வி வாயைத் திறக்குமுன் நந்தினி வெளியே வந்துவிட்டாள்.

"நான்தாங்க சொன்னேன். ரெண்டு மாசமா ரத்தம் நிக்காமப் பட்டுச்சு. உங்ககிட்டச் சொல்லப் பயம். அக்கா முன்னாடியே சோதிச்சுக்கிட்டவங்க, அவங்கதான் பெரம்பலூருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சதை எடுத்து அனுப்பியிருக்காங்க."

அவன் கை ஓங்குவான் என்று வெற்றிச்செல்வி ஓரடி முன்னால் வந்தாள். அவன் அசையவில்லை.

"அந்த வியாதியா?" என்றான்.

"தெரியலீங்க. வெள்ளிக்கெழமதான் சொல்லுவாங்க."

உண்ணாமலை போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெள்ளிக்கெழம யாரு கூடப் போற?" என்றான் மணிமாறன்.

நந்தினி தரையைப் பார்த்தாள். "அக்கா வரேன்னாங்க."

மணிமாறன் வடக்குத் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நான் கூட்டிட்டுப் போறேன். அது வர்றதுன்னா பஸ்ல வரட்டும். என் வண்டியில ஏத்தமாட்டேன்."