ஒரு பக்கம் புடைத்த தோட்டாக் கூடு

எங்கள் ஊர் யல்கூரி ரைஃபிள் கிளப்பில் ஜூன் மாதம் பழைய ராணுவத் துப்பாக்கிப் பந்தயம் நடக்கும். புதிதாக யாராவது வந்தால் முதலில் தேநீர் கொடுப்போம், அடுத்து லெஸ் நோஸ்கியைக் கொடுப்போம்.

லெஸ் மெதுவாக வந்து நிற்பான். "உங்க துப்பாக்கியை ஒரு நிமிஷம் பார்க்கலாமா?" என்பான். சட்டைப் பையிலிருந்து ஒரு காலித் தோட்டாக் கூட்டை எடுப்பான். சுட்டு முடிந்த வெறும் பித்தளை. அதை அந்தத் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் நுழைத்து, அறையை மூடுகிற போல்ட்டின் கைப்பிடியை ஒற்றை விரலால் கீழே தள்ளுவான். பாதி வழியில் கைப்பிடி முரண்டு பிடிக்கும். "இது இல்ல, ரொம்ப நன்றி," என்று கூட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் போவான். நாற்பது வருஷமாக இப்படித்தான். வெளியூர்க்காரர்கள் சிலர் அவனை அரசாங்கச் சோதனை அதிகாரி என்று நினைத்து, கேட்காமலே லைசென்ஸை நீட்டியிருக்கிறார்கள். அவனும் மரியாதைக்கு அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பான்.

விஷயம் இதுதான். சுடும்போது பித்தளைக் கூடு உப்பும். தான் இருந்த அறையின் சுவரை அப்படியே அச்சாக எடுத்துக்கொள்ளும். போர்க்காலத்தில் அவசரமாகச் செய்த துப்பாக்கிகள் அல்லவா, ஒன்றின் அறை போல இன்னொன்று இருக்காது; ஒன்றில் சுட்ட கூடு இன்னொன்றில் சரியாகப் போகாது. அதனால் எங்கள் ஆட்கள் பழைய கூட்டுக்கு மறுபடி வெடிமருந்து நிரப்பும்போது, குண்டைப் பிடிக்கிற கழுத்தை மட்டும் இறுக்குவார்கள். உடம்பில் கை வைக்க மாட்டார்கள். உடம்பையும் சேர்த்து முழு அச்சில் விட்டு அழுத்தினால் கூடு புதிதாகப் பிறந்த மாதிரி ஆகிவிடும். எல்லாத் துப்பாக்கியிலும் போகும்; எதையும் ஞாபகம் வைத்திருக்காது.

லெஸ்ஸின் பழைய துப்பாக்கிக்கு அறை ஒரு பக்கம் கோணல். அதில் சுட்ட கூடுகள் எல்லாம், கன்னத்தில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்ட குழந்தை மாதிரி ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு வெளியே வரும். அந்தத் துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அதன் எண்ணை ஏன் குறித்து வைக்கவில்லை என்று என் கணவன் டட்லி ஒரு தடவை கேட்டான்.

"உன் பெண்டாட்டியை எண்ணைப் பார்த்தா கண்டுபிடிக்கிறே?" என்றான் லெஸ்.

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனவள் ஊனா ட்ரெலோர். எங்கள் தபால் ஆபீசில் டெலிபோன் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவள். சொந்தத் துப்பாக்கி கிடையாது. லெஸ்ஸினுடையதைத்தான் வாங்கிச் சுடுவாள். அவள் சுட்டதைப் பற்றிச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஐந்நூறு கஜத்தில், இலக்கின் கறுப்பு வட்டத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. ஊனா முதல் குண்டை அதன் பக்கத்தில் சுட்டு அதை எழுப்பிவிட்டாள். அது பத்திரமாகப் பறந்து போன பிறகுதான் நடுவில் சுட்டாள். பொய் இல்லை. ஈயே என்னிடம் சொன்னது.

அந்த நாளில் லெஸ் சனிக்கிழமை முழுக்க அவளுக்காகத் தோட்டா நிரப்புவான். மருந்தை அவன் நிறுக்கிற நேரத்தில் ஒரு ரொட்டி வெந்துவிடும். ஊனா சுட்டு எறிந்த கூடுகளைப் பொறுக்கி, துடைத்து, அடுத்த வாரத்துக்கு மறுபடி நிரப்புவான். ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். வாயைத் திறந்து சொல்வதுதான் பாக்கி.

பிறகு ஊனாவுக்கு வடக்கே நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. பஸ் நிற்கிற இடத்தில் அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான்தான் நின்றேன். லெஸ் தன் துப்பாக்கியை ஒரு கம்பளியில் சுற்றி அவள் கையில் கொடுத்தான்.

"இதைத் திருப்பி வாங்கிக்க வருவியா?" என்று ஊனா கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு ஒரு மாடுகூடப் பதில் சொல்லியிருக்கும். லெஸ் செருப்பைப் பார்த்தான், பஸ் சக்கரத்தைப் பார்த்தான். "எண்ணெய் போட மறந்துடாதே," என்றான்.

பஸ் போய்விட்டது. ஏன் தேடிப் போகவில்லை என்று கேட்டால் அறுவடை என்பான். அவன் நிலத்தில் வருஷத்துக்குப் பன்னிரண்டு அறுவடை. அவள் சுட்ட கூடுகளை மட்டும் வைத்திருந்தான். கழுத்து வெடித்தும் தொலைந்தும் கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதைத்தான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தான். துப்பாக்கி கிடைத்தால் அது யார் கையிலிருந்து வந்தது என்று கேட்கலாம், கேட்டுக்கொண்டே போனால் அவளிடம் போய்ச் சேரலாம் என்பது அவன் கணக்கு. அவள் பெயரைச் சொல்லிக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

போன வருஷம் லெஸ்ஸுக்குக் கண் மங்கிவிட்டது. நிலத்தை விற்றுவிட்டு அடலெய்டில் அண்ணன் மகள் வீட்டுக்குப் போவதாக முடிவாயிற்று. ஜூன் பந்தயம்தான் அவனுக்குக் கடைசி. பந்தயத்துக்கு முன்னால் எப்போதும்போல அந்தக் கூட்டைப் பளபளப்பாக்க டட்லியிடம் கொடுத்துவிட்டுப் போனான். நான் தேநீர் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனால், டட்லி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

"என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்ணல."

"கையெல்லாம் எண்ணெய்யோட ஒண்ணும் பண்ணாத ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். நகரு."

அழுத்தும் எந்திரத்தின் கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. அதில் மாட்டியிருந்தது முழு அச்சு.

"ஞாயித்துக்கிழமை அவனுக்குக் கிடைச்சுடும்," என்றான் டட்லி. "எந்தத் துப்பாக்கியில போட்டாலும் போகும். வெறுங்கையோட அடலெய்டு போகணுமா அவன்?"

கூட்டை வெளியே எடுத்துக் கட்டைவிரலால் தடவினேன். புடைப்பு இல்லை. வழவழவென்று இருந்தது.

"அட அறிவுகெட்டவனே! இனிமே நிஜமான துப்பாக்கியே வந்து எதிர்ல நின்னாலும் அவனுக்குத் தெரியாதேடா!"

டட்லி அதை யோசிக்கவே இல்லை. பாவம், மூலையில் கிடந்த பழைய இரும்புக் கட்டில்மேல் உட்கார்ந்துவிட்டான். தேநீரை நானே குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காற்று அடித்த அடியில் எங்கள் கோழிக்கூடு பக்கத்து மாவட்டத்துக்குக் குடிபோய்விட்டது. ஆனாலும் கூட்டம் வந்தது. டட்லி கூட்டை நீட்டினான். லெஸ் வாங்கிக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவி, பையில் போட்டுக்கொண்டான்.

புதிதாக வந்தவள் டானியா. புரோக்கன் ஹில் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவள். தாத்தாவின் துப்பாக்கியோடு வந்திருந்தாள். லெஸ் போய் நின்றான், கேட்டான், கூட்டை நுழைத்தான், விரலை வைத்தான். கைப்பிடி தானாகவே கீழே விழுந்தது.

"விழுந்துடுச்சு! டேய் லெஸ், மச்சான், விழுந்துடுச்சுடா!" கிளப் தலைவர் பெர்ஸ் கையிலிருந்த சாசேஜ் ரொட்டியைக் கீழே போட்டுவிட்டார். ஆளுக்கு ஒரு பக்கமாக டானியாவுக்குக் கதையைச் சொன்னார்கள். அவள் கண் கலங்கிப் போய், "நீங்களே வச்சுக்கங்க. காகிதமெல்லாம் முறைப்படி மாத்திக்கலாம். தாத்தா இருந்திருந்தா கொடுத்திருப்பார்," என்றாள்.

லெஸ் துப்பாக்கியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றான். நான் டட்லியின் கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து லெஸ் போல்ட்டைத் திறந்து, கூட்டை எடுத்துவிட்டு, துப்பாக்கியை அவளிடமே கொடுத்தான்.

"இது இல்லம்மா."

"அதான் உள்ள போச்சே!" என்றார் பெர்ஸ்.

"போச்சு. ஆனா இது இல்ல."

தேநீர்ப் பாத்திரத்தின் பக்கம் டட்லி அவனை மறித்துக்கொண்டான். "லெஸ், நான் வந்து..."

"தெரியும். நீ கையில கொடுத்தப்பவே தெரியும்."

"அப்புறம் ஏண்டா போட்டுப் பார்த்தே?"

"அந்தக் கைப்பிடி விழுந்தா எப்படியிருக்கும்னு ஒரு தடவையாவது பார்க்கணும்னு தோணிச்சு." கோப்பையில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டான். அவன் சர்க்கரை போட்டுக்கொள்கிறவனே அல்ல. "நல்லாத்தான் இருந்தது. அதான் கஷ்டமா இருக்கு."

"என்னைத் திட்டுடா."

"உன் பெண்டாட்டி திட்டியிருப்பா. அது போதும்."

கலக்கிய தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு டானியாவிடம் போனான். எதற்கோ என்று நானும் பின்னாலேயே போனேன்.

"ஏம்மா, உங்க ஊர் ஆஸ்பத்திரியில ஊனா ட்ரெலோர்னு ஒரு நர்ஸ் இருந்தாங்களா?"

நாற்பது வருஷத்தில் அந்தப் பெயரை அவன் வாயால் சொல்லி அன்றுதான் கேட்டேன். தொண்டையில் துரு பிடித்த மாதிரி வந்தது.

"எனக்குத் தெரியலையே. எங்க அத்தை அங்க ரொம்ப நாள் வேலை பார்த்தாங்க, கேட்டுப் பார்க்கிறேன். உங்க துப்பாக்கி அவங்ககிட்ட இருக்கான்னு கேட்கணும், அப்படித்தானே?"

"துப்பாக்கியைப் பத்தி வேண்டாம்."

"அப்ப என்னன்னு கேட்கட்டும்?"

லெஸ் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்; இந்தத் தடவையும் எண்ணெய்யைப் பற்றிக் கேட்டால் அவன் கழுத்தை நெரிப்பது என்று இருந்தேன்.

"அவ எங்கே இருக்கான்னு கேளு," என்றான். "நான் வரலாமான்னு கேளு."

எங்கள் மைதானத்தில் சுடும் மேட்டின் உச்சியில் மட்டும்தான் போன் எடுக்கும். டானியா அங்கே ஏறி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு காற்றுக்கு மேலே கத்திப் பேசினாள். லெஸ் கீழே நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த சுற்றுக்கு அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள்.