அப்பாவுக்குப் போன நன்றி

புத்தகம் நன்றாக வந்தால் எழுதியவருக்குப் பேர், படம் இடம் மாறினால் எங்களுக்குக் கெட்ட பேர்; அத்தியாயங்களைச் சீர்படுத்தி அடுக்கும் ஃபார்மட்டிங் வேலை அப்படிப்பட்டது. என்னைப் போலக் கண்ணும் கழுத்தும் போன சகாக்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

ஸ்பேஸ் பார் சார்

தாம்பரத்தில் எங்கள் ஆபீஸ். பல பேர் எழுதி ஒரு பேராசிரியர் தொகுத்த கான்கிரீட் புத்தகம் எனக்கும் பக்கத்து சீட் வித்யாவுக்கும் வந்தது. சுத்தமான அத்தியாயமெல்லாம் அவளுக்கு. எனக்கு வாய்த்தவர் டேபிளையே ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டிக் கட்டியிருந்தார். ஒரு எழுத்தைத் தொட்டால் மொத்தமும் சரியும். வாரம் முழுக்க உட்கார்ந்து நிமிர்த்தினேன். மெயில் அனுப்புவது வித்யா என்பதால் பேராசிரியர் அவளுக்குத்தான் போன் செய்தார். மகராசி ஸ்பீக்கரில் வேறு போட்டாள். "வித்யாம்மா, டேபிள் எல்லாம் ஸ்கேல் வெச்சு நிறுத்தின மாதிரி இருக்கு."

இனிஷியல்

வயிறு எரியுமா எரியாதா? முன்னுரையில் ஒரு வரி நன்றியாவது என் பேருக்கு வாங்கிவிட வேண்டும் என்று வெறி பிடித்து வேலை பார்த்தேன். எழுதியவர்களில் சிலர் இனிஷியலை முன்னால் போட்டிருந்தார்கள், சிலர் பின்னால். நான்தான் ரூல் போட்டேன்: எல்லாருக்கும் அப்பா பேர் முழுசாகக் கடைசியில், சொந்தப் பேர் வெறும் இனிஷியல். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு லெக்சரர் போனில் கெஞ்சினார். ரூல் ரூல்தான் சார் என்று சொல்லிவிட்டேன். "மேடம், கஷ்டப்பட்டு எழுதினது நான். புக்கைப் பாத்தா எங்கப்பா எழுதின மாதிரி இருக்கே."

முன்னுரை

ஒருவழியாக முன்னுரை வந்தது. வித்யாவுக்கும் இ. ஜெயசீலனுக்கும் நன்றி என்று இருந்தது. வித்யா போனில் பழகியவள், அவளுக்கு ரூல் கிடையாது. எனக்கு மட்டும் பேராசிரியர் ரொம்பப் பொறுப்பாக என் ரூலையே போட்டுவிட்டார். எஸ்தராகிய நான் வெறும் இங்கிலீஷ் 'இ' ஆகிவிட்டேன். ஜெயசீலன் எங்கள் அப்பா. மாற்றலாமா என்று டீம் லீடரிடம் கேட்டேன். ரூல் ரூல்தானே எஸ்தர் என்றார். வித்யா அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

புத்தகம் வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அதைக் கூடுவாஞ்சேரி சர்ச்சுக்கே எடுத்துக்கொண்டு போனார். பாஸ்டர் கை குலுக்கினாராம். கொயர் பாடுகிறவர்கள்கூட வாங்கிப் பார்த்தார்களாம். வந்ததும் அந்தப் பக்கத்தை என் முகத்துக்கு நேரே பிரித்தார். "கான்கிரீட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, இருந்தாலும் மறக்காம போட்டிருக்காங்க பாரேன்."

இத்தனை நாள் பொறாமைப்பட ரயிலேறித் தாம்பரம் போக வேண்டியிருந்தது, இப்போது அதற்கான ஆள் வீட்டு சோபாவிலேயே உட்கார்ந்திருக்கிறார்.