சிவப்புக் கோடு வராத காலை

பருத்தித்துறையில் மீனவக் குடும்பங்களுக்கு உதவும் சிறிய நிறுவனம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பத்திரண்டு. ஆங்கிலம் பிழையில்லாமல் எழுதுவேன் என்று நேர்முகத்தில் சொல்லியிருந்தேன். பரீட்சையைக் கணினியில் வைத்தார்கள். பிழையான சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு விழ விழ, ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்தேன். வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தக் கோட்டின் துணையில்லாமல் நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. பேனையைத் தந்து எழுதச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், கூட்டங்களுக்குக்கூட மடிக்கணினியோடுதான் போவேன்.

மூன்று வருடம் இப்படியே ஓடியது. ஒரு நாள் காலை, வெளிநாட்டுக்கு மதியத்துக்குள் அனுப்ப வேண்டிய அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஆறாவது பக்கத்தில்தான் கவனித்தேன், ஒரு சிவப்புக் கோடும் இல்லை. எனக்கு ஆங்கிலம் வந்துவிட்டது என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். பிறகு ஏதோ சந்தேகத்தில், கைபோன போக்கில் நாலைந்து எழுத்துகளைத் தட்டிப் பார்த்தேன். அதற்கும் கோடு விழவில்லை.

குளிரூட்டி ஓடும் அறையில் எனக்கு வியர்த்தது. எதிர் மேசையில் எங்கள் பொறுப்பாளர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், நெல்லியடிக்காரி.

"அண்ணை, முடிஞ்சுதோ?"

"ஓம் மிஸ், இன்னும் கொஞ்சம்."

அவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். ஆனால் கேட்டால், கோடு இல்லாமல் என்னால் எழுத முடியாது என்பதும் தெரிந்துவிடும். கோப்பை மூடித் திறந்தேன். கணினியை நிறுத்தி மறுபடி போட்டேன். எழுத்துப்பிழை பார்க்கும் பொத்தானை அழுத்தினால், எல்லாம் சரி என்றது. புதிய கோப்பு ஒன்றைத் திறந்து அதில் தப்பாக ஒரு சொல்லைத் தட்டினேன். உடனே கோடு விழுந்தது. அப்படியானால் பிழை இந்த அறிக்கையில்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபோது, திரையின் அடிப்பட்டையில் வித்தியாசம் தெரிந்தது. புதிய கோப்பில் ஆங்கிலம் என்றும், அறிக்கையில் தமிழ் என்றும் இருந்தது. பழைய தமிழ் அறிக்கை ஒன்றைத் திறந்து, அதிலிருந்ததை அழித்துவிட்டு இதை எழுதத் தொடங்கியது நான்தான். இவ்வளவு நேரமும் என் ஆங்கிலத்தைத் தமிழ் என்று நினைத்து, கணினி பார்க்காமலே விட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் தெரிவுசெய்து மொழியை மாற்றினேன். பக்கம் முழுவதும் சிவந்து போனது. வரிக்கு இரண்டு, மூன்று. அந்த நேரம் பார்த்துப் பொறுப்பாளர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

கோப்பை மூட எனக்குக் கை வரவில்லை.

"உதெல்லாம் நீங்கள் எழுதினதோ அண்ணை?"

"ஓம் மிஸ். எனக்கு ஸ்பெல்லிங் வராது. வந்த நாளிலை இருந்தே வராது."

அவர் தன் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

"சரி, மேலை இருந்து பாப்பம். பன்ரண்டு மணிக்குள்ளை அனுப்பவேணும்."

அனுப்பிவிட்டோம். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் அதைப்பற்றித் திரும்பக் கதைக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கும் அவர் எழுந்து என் மேசைப் பக்கம் நடந்தால், விசைப்பலகையில் என் விரல்கள் அப்படியே நின்றுவிடுகின்றன.